பெர்னதெத் அக்கா தரையில் உட்கார்ந்தால்

பெர்னதெத் அக்கா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதல் இருபது நிமிஷம் கேமராவைத் தொடவே மாட்டார். செருப்பைக் கழற்றுவார், நேராகப் போய் ஹால் நடுவில் தரையில் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர்கள் நாற்காலி இழுப்பார்கள், சோபாவில் கிடக்கும் துணியை ஒதுக்குவார்கள், "மேல உக்காருங்க ஆண்ட்டி" என்று கெஞ்சுவார்கள். காதில் வாங்க மாட்டார். பையிலிருந்து வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து, தோலை ஊதி ஊதி ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வார். குழந்தை இருக்கும் பக்கமே திரும்ப மாட்டார்.

எந்தக் குழந்தைக்கும் இது பொறுக்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், இந்த அம்மா மட்டும் நம்மைக் கண்டுகொள்ளவில்லையே என்று அதுவாகவே நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து நிற்கும். அப்போதும் பார்க்க மாட்டார். தோட்டைப் பிடித்து இழுத்த பிறகுதான், "யாருடா நீ? இந்த வீட்டு ஓனரா?" என்பார்.

படம் எடுப்பதெல்லாம் அதற்கப்புறம்.

நான் ஆட்டோக்காரன். பேர் முனிராஜ், இருப்பது ஸ்ரீராம்புரம். டிசம்பர் ஒண்ணாம் தேதியிலிருந்து இருபத்துநாலு வரைக்கும் என் வண்டி அக்காவுக்குத்தான். வண்டி ஓட்டுவதோடு முடியாது. லைட் ஸ்டாண்டு தூக்குவது, ஒயர் இழுப்பது, ரிஃப்ளெக்டர் பிடிப்பது எல்லாம் நான். ரிஃப்ளெக்டர் என்பது ஒரு வட்டமான வெள்ளைத் துணி, ஓரத்தில் கம்பி. முறுக்கி மடக்கினால் சோற்றுத் தட்டு அளவுக்கு ஆகிவிடும், அதை ஒரு ஜிப் பையில் போட்டுக்கொள்ளலாம். வெளியே எடுத்தால் படாரென்று மார் உயரத்துக்கு விரியும். இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால் போன டிசம்பரில் என் மானம் போனது இந்த ஜிப் பையால்தான்.

அக்காவுக்கு ஐம்பத்துமூணு வயசு. காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் தனியாக இருக்கிறார். முன்னே நர்சரி ஸ்கூல் டீச்சர். ஒரு வருஷம் கிளாஸ் போட்டோ எடுக்க வந்த ஆள் "ஸ்மைல், ஸ்மைல்" என்று கத்திக் கத்தி முப்பது பிள்ளைகளையும் அழவைத்துவிட்டானாம். அக்கா அவன் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி, "எந்த பட்டன்?" என்று கேட்டிருக்கிறார். அப்படி ஆரம்பித்ததுதான். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "ஸ்டேஜ்ல நிக்கவச்சு எவனாவது என்னய ஸ்மைல்னு சொல்வான், அதுக்குப் பயந்துதான்" என்றார்.

முட்டி இரண்டும் போய்விட்டது. தரையில் உட்காருவது சுலபம், எழுந்திருக்கும்போது நான் கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

கன்டோன்மென்ட் பக்கம் மாதா கோயில் குடும்பங்கள் எல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வீட்டில், மாட்டுத்தொழுவம் மாதிரி பொம்மை அடுக்கிவைத்த குடில் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மஸ்கட்டிலும் மெல்பர்னிலும் இருக்கிற அண்ணன் தம்பிகளுக்கு இருபத்தஞ்சு விடிகாலை வாட்ஸப்பில் போய்ச் சேர வேண்டும். ராத்திரி பூசைக்கு வாங்கின புதுத்துணியை எங்களுக்காக அரைமணி நேரம் போட்டுக்கொண்டு, படம் முடிந்ததும் கழற்றி மடித்து வைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு நாலு வீடு, அஞ்சு வீடு. பீரோ திறந்து கிடக்கும். கட்டில் மேல் சங்கிலி கிடக்கும். முதல் நாளே அக்கா எனக்குச் சொல்லிவிட்டார்: "முனி, நம்மள வீட்டுக்குள்ள விடறாங்க பாரு, அதுதான் நம்ம தொழிலு. கேமரா எல்லாம் அப்புறம். உன் கண்ணு லைட்டத் தவிர எங்கயும் போகக் கூடாது."

போகவில்லை. மூணு டிசம்பர் அப்படியே இருந்தேன். குடிலில் மாடு இருக்கும், ஆடு இருக்கும், ஒட்டகத்தோடு ராஜாக்கள் நிற்பார்கள். நடுவில் வைக்கோல் மட்டும் காலியாக இருக்கும். அது ஏன் காலி என்று நான் யோசித்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

இருபத்துநாலாம் தேதி முதல் வீடு கம்மனஹள்ளியில் ஒரு அப்பார்ட்மென்ட், நாலாவது மாடி. கில்பர்ட் சார், ஐரின் மேடம், இரண்டு வயசுப் பையன் டிரேவர். அந்த வீட்டில் எனக்கு ஒரு ஒட்டு உண்டு. அங்கே வீட்டு வேலை செய்கிற செண்பகம் என் கொழுந்தியாள், என் மனைவியின் தங்கச்சி. புருஷன் போய் நாலு வருஷம் ஆகிறது. அக்காவிடம் நான் சொல்லி, அக்கா ஐரின் மேடத்திடம் சொல்லி அமைந்த வேலை. அது நல்லபடியாகப் போனதும் அதே கட்டிடத்தில் இன்னும் இரண்டு வீடு கிடைத்தது.

அன்றைக்கு டிரேவர் வேர்க்கடலைக்கும் மசியவில்லை. புதுச் சட்டைக் காலர் குத்துகிறது என்று மூக்கு ஒழுகக் கத்தினான். ஐரின் மேடம் பீரோவிலிருந்து ஒரு பட்டுத்துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். அவர்கள் தாத்தா கோலார் சுரங்கத்தில் வேலை செய்தவர், அவர் வீட்டிலிருந்து வந்த பாலன் சொரூபமாம், குழந்தை சாமி சிலை. மற்ற பொம்மை எல்லாம் கடையில் வாங்கினது, இது ஒன்றுதான் பழசு. கையில் வைத்துக்கொண்டு ஒரு படம் வேண்டும் என்று மேடம் எடுத்தார். டிரேவர் எட்டிப் பிடுங்கிக்கொண்டான். பிடுங்கியதும் வாயை மூடிவிட்டான்.

"அவன் கிட்டயே இருக்கட்டும், வாங்காதீங்க" என்றார் அக்கா. மளமளவென்று நாற்பது படம்.

எனக்கு அப்போது தெரிந்தது இவ்வளவுதான்: பையன் கையில் ஏதோ பொம்மை. நான் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் மேடம் துணி மாற்றப் போய்விட்டார், சாருக்கு ஆபீஸ் போன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று நான் ரிஃப்ளெக்டரை மடக்கினேன், தரையில் வாய் திறந்து கிடந்த பையில் திணித்தேன், ஜிப்பை இழுத்தேன். வாசலில் செண்பகம் எனக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தாள். "எங்கக்காவ ஞாயித்துக்கிழம வரச் சொல்லுங்க மாமா" என்றாள். கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது வீடு மர்பி டவுன். பெர்னார்ட் என்று ஒரு மெக்கானிக், அவர் மனைவி, மூணாங்கிளாஸ் படிக்கிற மகள் ஆஞ்சலா. சின்ன வீடு, பாதி ஹாலைக் குடில் பிடித்திருந்தது. குடிலை ஒட்டி நின்று ரிஃப்ளெக்டரை உருவினேன். படாரென்று விரிந்தது. காலடியில் என்னமோ உருண்டது.

குனிந்து பார்த்தால் ஒரு குழந்தை சாமி. என் நடுவிரல் நீளம். தலையைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம். மூக்கில் பெயின்ட் பெயர்ந்திருந்தது.

எனக்கு உயிர் போய்விட்டது. என் கம்பி இடித்துத்தான் குடிலிலிருந்து விழுந்துவிட்டது, மூக்கை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். நடுவில் வைக்கோல் வேறு காலியாக இருக்கிறது! பெர்னார்ட் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஆஞ்சலாவின் கவுனுக்குப் பின் குத்திக்கொண்டிருந்தார். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் கடலை தின்றுகொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. சட்டென்று எடுத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன், மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் வைக்கோலில் படுக்கவைத்தேன். ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. படம் முடிகிறவரைக்கும் அந்த மூக்கை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வியர்த்துக்கொண்டே நின்றேன். யாரும் பார்க்கவில்லை. தப்பித்தேன் என்று வண்டியை எடுத்தேன்.

மூணாவது வீடு முடிந்து, காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் டீக்கடையில் நிற்கிறோம். மணி இரண்டரை. செண்பகம் போன் பண்ணினாள்.

"மாமா, சாமி பொம்மை ஒண்ணு காணோமாம். தங்க வளையம் இருந்துச்சாம் அதுல. என் பைய கேட்டுல கொட்டிப் பாத்தாங்க மாமா. வாச்மேன் எதிர்ல. டிபன் பாக்ஸக் கூடத் தெறந்து பாத்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பாக்கவே இல்லன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? எடுத்தவளும் அதைத்தானே சொல்லுவா. சார் ஆப்புல என் பேரு மேல சிவப்பு போட்டுட்டாரு. அஞ்சு மணிக்குள்ள குடுத்துட்டா சும்மா விடறேன், இல்லன்னா குரூப்புல போட்டோவோட போடுவேங்கறாரு. போட்டோ எடுத்துட்டாங்க மாமா. மூஞ்சிய மறைச்சுக்கிட்டா கையைத் தள்ளிவிட்டு எடுத்தாங்க."

இந்த ஆப் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது எல்லா அப்பார்ட்மென்ட் கேட்டிலும் வாச்மேன் கையில் ஒரு போன் இருக்கிறது. வேலைக்கு வருகிற பெண்கள் பேர், மூஞ்சி, நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஒரு வீட்டுக்காரர் சிவப்புப் போட்டால் போதும், மற்ற வீட்டுக்காரர்கள் கூப்பிட்டாலும் கேட் திறக்காது. வீட்டுக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டோ வந்துவிட்டால் அந்தத் தெரு முழுக்க எந்தக் கட்டிடத்திலும் நுழைய முடியாது. செண்பகத்துக்கு மூணு வீடும் ஒரே கேட்டுக்குள்.

அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். நான் சொன்னேன். பாதியில், "போட்டோவோடயா?" என்று கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். கேமராவை எடுத்துக் காலையில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். முப்பதாவது படத்தில் டிரேவர் கையில் பொம்மை. முப்பத்தஞ்சில் அவன் குனிகிறான். முப்பத்தாறில் அவன் கை தரையில் கிடக்கிற ஜிப் பைக்குள் இருக்கிறது. முப்பத்தேழில் கை காலி. பையன் சிரிக்கிறான்.

அக்கா அப்போதே போனைப் போட்டார். நான் "பைய ஒரு தரம் பாத்துட்டு..." என்று சொல்வதற்குள் பேசியே விட்டார்.

"கில்பர்ட், பாலன் எங்க பையில வந்திருச்சு. ஆமா, என் பையிலதான். அந்தப் பொண்ணு தொடவே இல்ல, என்கிட்ட படம் இருக்கு. அஞ்சுக்குள்ள வர்றேன். அந்தப் போட்டோவ அனுப்பாதீங்க."

அந்தப் பக்கம் சார் ஏதோ சொன்னார். அக்கா போனை மூடினார். "கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்கறான். பைய எடு."

ஜிப்பைத் திறந்தேன். ரிஃப்ளெக்டரை உருவினேன். பையை உதறினேன். உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் தடவினேன். ஒரு வேர்க்கடலைத் தோல் விழுந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அக்கா பையை வாங்கித் தானே ஒரு தரம் உதறினார். இனிமேல் திருடி யார்? பையில் இருக்கிறது என்று வாயால் சொன்னவர் இவர். அப்போதுதான் எனக்கு அந்த மூக்கு ஞாபகம் வந்தது. பெயின்ட் போன மூக்கு. தலையில் வளையம்.

சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். லைட் பையைத் திறந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியில் பார்த்தேன். இல்லாத இடம் என்று தெரிந்தே தேடினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

கேட்டுவிட்டுத் திட்டவில்லை. "தொட்டில்லயா வச்ச? வைக்கோல் மேலயா?" என்றார்.

"கீழ சாமி கெடந்தா எடுத்து வைக்காம? அங்கதான் எடம் காலியா இருந்துச்சு."

"ராத்திரி பூசைக்கப்புறம்தான்டா அங்க பாலன வைப்பாங்க. அதுவரைக்கும் காலியாத்தான் இருக்கணும். பொறக்காத பிள்ளைய எப்படிப் படுக்க வைக்கிறது? வண்டிய எடு."

நாலாவது வீட்டுக்கும் அஞ்சாவது வீட்டுக்கும் போன் பண்ணி வரமுடியாது என்றார். வருஷத்தில் பெரிய நாள் அது. பெர்னார்டுக்கு ஏழு தடவை அடித்தார், எடுக்கவில்லை. அல்சூர் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. கிறிஸ்துமஸ் குல்லா போட்டவன் ஒருவன் சிக்னலில் பலூன் விற்றான், அவனை நான் பேசக்கூடாத பேச்சுப் பேசிவிட்டேன். மர்பி டவுன் சந்துக்குள் போனபோது மணி மூணே முக்கால்.

கதவு பூட்டியிருந்தது. படியில் ஆஞ்சலா தனியாக உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் சிவந்து விரல் பதிந்திருந்தது.

"அப்பா எங்கம்மா?" என்றார் அக்கா.

"பேக்கரிக்கு. கேக் மாவு குடுத்தோம்ல, வெந்திருச்சான்னு பாக்க. அம்மாவும் போயிட்டாங்க. நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"கன்னத்துல என்ன?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாலன முன்னாடியே வச்சிட்டேனாம். நான் வைக்கவே இல்ல. சொன்னா, பண்டிகை நாள்ல பொய் வேற சொல்றியான்னு இன்னொண்ணு குடுத்தாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வைக்கோல் காலி. என்னால் ஒரு சின்னப் பெண்ணுக்கு இரண்டு அறை, ஒரு பெரிய பெண்ணுக்குத் திருடிப் பட்டம். நடுவில் நான் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டேன்.

அக்கா அந்தப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "முனி, நீ ஓடு."

பேக்கரியில் ஒரு கூட்டம். கன்டோன்மென்ட் சனம் பாதிக்கு மேல் வீட்டில் மாவு கலந்து பேக்கரி அடுப்பில்தான் சுட்டுக்கொள்ளும், அன்றைக்குத் தெரு வரைக்கும் தட்டு. பெர்னார்டைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. "நீயா வச்ச?" என்று சட்டைக்கு வந்தார். அவர் மனைவி நடுவில் விழுந்து, "மொதல்ல பிள்ள கிட்ட போங்க, அந்தாளு சட்டை அப்புறம்" என்றார். சுடச்சுடக் கேக் தட்டோடு இருவரையும் வண்டியில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

பெர்னார்ட், தன் வீட்டுது என்று நினைத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பீரோ மேல் வைத்திருந்த பாலனை இறக்கினார். அவர் மனைவி உள்ளே போய்த் துணி அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்தார். அதுதான் அந்த வீட்டுப் பாலன். மேஜை மேல் இரண்டு குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எல்லாரும் பார்த்தோம்.

ஆஞ்சலா என் எதிரில் வந்து நின்றாள். "அங்கிள், உங்களுக்கு இது கூடத் தெரியாதா? பன்னெண்டு மணிக்குத்தான் பொறப்பாரு."

"தெரியாதும்மா."

"தெரியலன்னா கேக்கணும்ல?"

நான் தலையை ஆட்டினேன். பெர்னார்ட் அவள் முன்னால் குந்தினார். கேக்கின் ஓரத்தைப் பிய்த்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. அதற்கு மேல் நின்று பார்க்க எங்களுக்கு நேரமில்லை. மணி நாலேகால்.

அக்கா பாலனை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் ஏறுவதற்கே அரைமணி. சார் போன் பண்ணினார். "வந்துட்டே இருக்கேன்" என்றார் அக்கா. மறுபடி பண்ணினார். அதையே சொன்னார். மூணாவது தடவை அடிக்கவில்லை. அடிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கேட்டுக்குப் போனபோது அஞ்சு பன்னிரண்டு. வாச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். கொட்டின சாமானை அள்ளித் திரும்பப் பையில் போட்டிருந்தாள். பை மடியில் இருந்தது, ஜிப் திறந்தே இருந்தது. அழுது முடித்த முகம்.

அக்கா பாலனை அவளிடம் நீட்டினார். "வா, நீயே கொண்டு வந்து குடு."

செண்பகம் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நான் தொடமாட்டேன் மேடம். என் கையில பாத்தா மறுபடியும் எனக்குத்தான் வரும். போட்டுட்டாரு. அஞ்சு அஞ்சுக்கே போட்டுட்டாரு. இந்தாளு காட்டினாரு." வாச்மேன் வேறு பக்கம் பார்த்தான்.

நாங்கள் இருவர் மட்டும் மேலே போனோம். கில்பர்ட் சார் கதவைத் திறந்தார், பாலனை வாங்கினார், முதலில் தலையில் வளையத்தைத் தடவிப் பார்த்தார். ஐரின் மேடம் வாங்கி மார்பில் வைத்துக்கொண்டு அழுதார். நான் நடந்ததைச் சொன்னேன். எங்கே விழுந்தது, எங்கே வைத்தேன், எல்லாம்.

"யாருதுன்னு கேக்க மாட்டியாப்பா?" என்றார் சார்.

"கீழ விழுந்து கெடக்கற கொழந்தய யார் வீட்டுதுன்னு கேட்டுட்டா சார் தூக்குவாங்க?"

கோபத்தில் சொல்லிவிட்டேன். அவர், "சரி, கெடச்சிருச்சு. தேங்க்ஸ். போட்டோவ டெலிட் பண்ணிடறேன்" என்று போனைத் தட்டினார்.

"காட்டுங்க" என்றார் அக்கா.

காட்டினார். செண்பகத்தின் முகம். ஒரு கை முகத்தை மறைக்கப் பாதி தூக்கியபடி, கண் மூடி, வாய் கோணி. கீழே இங்கிலீஷில் நாலு வரி. அறுபத்தெட்டுப் பேர் பார்த்திருந்தார்கள். அக்கா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஆயிரக்கணக்கில் முகம் எடுத்தவர்.

"டெலிட் பண்ணினா பாத்தவங்க கண்ணு டெலிட் ஆயிடுமா? அதே குரூப்புல எழுதுங்க. போட்டோகிராபர் பையில போயிருச்சு, இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு. என் பேரு போடுங்க. முழுப் பேரு."

நான், "அக்கா, என் பேரப் போடச் சொல்லுங்க" என்றேன்.

"நீ சும்மா இரு. ஆட்டோக்காரன்னு போட்டா நாளைக்கு ஒரு ஆட்டோவும் கேட்டுக்குள்ள வராது. எழுதுங்க கில்பர்ட். அப்புறம் ஆப்புல சிவப்ப எடுங்க."

"எழுதறேன் ஆண்ட்டி. ஆனா அந்த ரெட்ட நான் எடுக்க முடியாது. செக்ரட்டரி அப்ரூவ் பண்ணணும். ஸ்ரீகண்டன் சார் ஊர்ல இல்ல, இருபத்தாறுதான் வருவாரு. லீவுல போய்த் தொந்தரவு பண்ணினா நல்லா இருக்காது."

அக்கா சரி என்றார். செருப்பைக் கழற்றினார். ஹால் நடுவில், காலையில் உட்கார்ந்த அதே இடத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆண்ட்டி, மேல உக்காருங்க."

காதில் வாங்கவில்லை. பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்தார். தோலை ஊதினார்.

"ஆண்ட்டி, நாங்க பூசைக்குக் கெளம்பணும்."

"கெளம்புங்க. நான் இருபத்தாறு வரைக்கும் இங்கயே இருக்கேன்." அவரைப் பார்க்கக்கூட இல்லை.

வாச்மேனைக் கூப்பிட்டால் என்ன பண்ணுவது? போலீஸைக் கூப்பிட்டால்? அக்காவின் முட்டி வேறு தாங்காது. தூக்கக் கை நீட்டினேன், தட்டிவிட்டார். சார் நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். கடலை உடைகிற சத்தம் மட்டும். டிரேவர் உள்ளேயிருந்து ஓடிவந்தான், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டு வெறும் வாயை மென்றான். ஐரின் மேடம் அவனைப் பார்த்தார். அப்புறம் புருஷனைப் பார்த்தார்.

"கில்பர்ட், ஸ்ரீகண்டன் சாருக்கு இப்பவே போன் போடுங்க. ரெட் போட்டபோது லீவு பாத்தீங்களா?"

போட்டார். இரண்டாவது தடவை அவர் எடுத்தார். கன்னடத்தில் ஐந்து நிமிஷம் பேச்சு. அப்புறம் கீழேயிருந்து வாச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டான்: பச்சை வந்துவிட்டதாம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா உட்கார்ந்து இருபத்திரண்டு நிமிஷம்.

"இப்ப கை குடு" என்றார் என்னிடம்.

கீழே வந்தால் நாற்காலி காலி. செண்பகம் இரண்டாம் மாடி வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். நாலாவது மாடிக்கு அதற்கப்புறம் அவள் போகவில்லை. மேடம் இரண்டு தடவை நேரில் வந்து கூப்பிட்டார். "வேலை இருக்கு மேடம்" என்று மட்டும் சொன்னாளாம். மூணாம் மாடி அம்மா, குரூப்பில் சார் எழுதினதைப் படித்துவிட்டு, பச்சையும் பார்த்துவிட்டு, ஜனவரியில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

இந்த டிசம்பரில் அக்காவைப் பழைய வீடுகளில் நாலு பேர் கூப்பிடவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கூப்பிட்ட வீடுகளில், படம் முடிந்ததும் அக்கா வீட்டுக்காரரை நிற்கவைத்து, எங்கள் பை ஒவ்வொன்றையும் தரையில் கவிழ்க்கச் சொல்கிறார். நான் கவிழ்த்து, ஒவ்வொரு சாமானாகக் காட்டித் திரும்ப அடுக்குகிறேன். "ஐயோ, எதுக்கு ஆண்ட்டி" என்கிறார்கள். ஆனால் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். எனக்குக் காது சுடும். மர்பி டவுனில் மட்டும் ஆஞ்சலா பக்கத்தில் குந்தி, "ஸ்டாண்டு ரெண்டு, ஒயர் மூணு, பாலன் இல்ல" என்று எண்ணிவிட்டு, "போலாம் அங்கிள்" என்றாள்.

போன வாரம் காலையில் லிங்கராஜபுரத்தில் செண்பகத்தைப் பார்த்தேன். இன்னொரு வீடு பிடித்திருக்கிறாள், அதே கட்டிடம். கேட் வரைக்கும் வண்டியில் கொண்டுவிட்டேன். இறங்கும்போதுதான் கவனித்தேன், அவள் தோளில் பை இல்லை. டிபன் பாக்ஸ், சாவி, சீப்பு, மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற கவர்.

"பை எங்கம்மா?" என்றேன்.

"இதுவே சவுரியமா இருக்கு மாமா" என்றாள். வாச்மேன் கேட்பதற்கு முன்னாலேயே கவரைத் தூக்கி அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்காட்டிவிட்டு உள்ளே போனாள்.